முதுகைத் திருப்பி நின்று கேளுங்கள்

கடையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது இராஜபாளையத்தில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. தெரிந்த மீதிப் பேருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றால் பின்னால் நிற்பவர் தோளைத் தொட்டு, "எக்கா, வீட்ல நாங்க நாலு பேரு சேந்து பாட்டு ப்ராக்டிஸ் பண்ணுதோம். ரொம்ப விலை போகாம ஒரு ஸ்பீக்கர் செட்டு சொல்லுங்களேன்" என்கிறார். போன மாதம் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். அவரும் அதையேதான் கேட்டார். கடைவாய்ப் பல்லில் குறடு இருக்கும்போது கேட்டால் என்ன பதில் சொல்ல முடியும்? கையை ஆட்டினேன். அவர் அதை வலி என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டார்.

இப்போது என் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் வனிதாவும் அடிக்கடி போன் செய்கிறாள். "எக்கா, வாரவுக எல்லாரும் ஆன்லைன்ல ஸ்டார் எண்ணிப் பாத்துட்டு மாடல் நம்பரோட வாராக. நான் என்னத்தக் கேக்க? நீங்க கேக்குறதை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதித் தாங்க" என்றாள். சரி என்று எழுத உட்கார்ந்தேன். மாடல் நம்பர் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஆட்கள்தான் வருகிறார்கள். அதனால் ஆட்களைப் பற்றியே எழுதுகிறேன். மாடலை வனிதா பார்த்துக்கொள்ளட்டும்.

நான் அந்தக் கடைக்குப் போனது பில் எழுதத்தான். ரேடியோ, டேப்ரிகார்டர், மைக், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் விற்கிற கடை. பிறகு கீபோர்டு, கித்தார் என்று சேர்ந்தன. முதல் சில வருடங்களில் ஈயம் உருக்கி வயரைப் பற்றவைக்கப் பழகினேன், விரலைச் சுட்டுக்கொண்டேன், எந்த முனை எதில் நுழையும் என்று கற்றேன். கவுண்டரில் பெண் நிற்பதைப் பார்த்துவிட்டு "ஆம்பளைக யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "இருக்காக, டீ வாங்கப் போயிருக்காக. உங்களுக்கு டீ வேணுமா, ஸ்பீக்கர் வேணுமா?" என்று சொல்லப் பழகினேன். அதுதான் என் பயிற்சிக் காலம். வேறு சிறப்பாக ஒன்றுமில்லை.

முதலாளி ரங்கராஜாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கிடையாது. சத்தம் விற்கிற கடையில் அவரைப் போல மெதுவாகப் பேசிய மனிதரை நான் பார்த்ததில்லை. அவர் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் தானாகக் குரலைத் தணித்துக்கொண்டு முன்னால் குனிவார். பேரம் பேச வந்தவர்கள் எல்லாம் ஏதோ ரகசியம் பேச வந்தவர்களைப் போல ஆகிவிடுவார்கள். அப்படிப் பேசி யாரால் விலையைக் குறைக்க முடியும்?

அவருக்கு ஒரு முறை உண்டு. வந்தவரிடம் எத்தனை வாட்ஸ் வேண்டும் என்று கேட்கக் கூடாது. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வாட்ஸை வாய்விட்டுப் படிக்கவும் கூடாது. எத்தனை பேர், என்னென்ன வாசிக்கிறீர்கள், யார் பாடுவது, எந்த அறை, தரை சிமெண்டா டைல்ஸா, பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் கேட்க வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகு இரண்டு பெட்டிகளை அருகருகே வைப்பார். மேலே ஃபேனை முழு வேகத்தில் சுழல விடுவார். "வீட்ல ஃபேன் ஓடாமயா பாடப் போறாங்க?" என்பார். இரண்டு பெட்டியிலும் சத்தம் ஒரே அளவில் இருக்கிறதா என்று நெடுநேரம் திருகித் திருகிப் பார்ப்பார். ஒன்றில் இம்மி கூடுதலாக இருந்தாலும் காது அதைத்தான் நல்லது என்று சொல்லிவிடுமாம். அதன் பிறகு பாட்டைப் போட மாட்டார். மைக்கை வாடிக்கையாளரிடமே கொடுத்து, "உங்க பேரு, ஊரு சொல்லுங்க" என்பார். கடைசியாக அவரைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்வார்.

"திரும்பி நின்னாத்தான் காது கேக்கும், கற்பகம்மா. பாத்துக்கிட்டு இருந்தா கண்ணு முந்திக்கிரும்" என்பது அவர் கணக்கு.

ஒருமுறை பேண்டேஜ் துணி கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் வந்தார். மருமகன் நண்பர்களோடு வீட்டு மாடியில் இசைக்குழு நடத்துகிறாராம். கடையிலேயே பெரிய பெட்டி, முன்னால் கலர் லைட் ஓடுவது, அதைத்தான் கேட்டார். முதலாளி வழக்கம்போலச் சுவரைக் காட்டினார். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அந்த மனிதரை யாரும் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் நின்றார். இரண்டு பெட்டியிலும் மாற்றி மாற்றி நான் பேசினேன். "ரெண்டாவதுதான்யா. மனுசக் குரல் மாதிரி இருக்கு" என்றார். திரும்பிப் பார்த்தால் அது லைட் இல்லாத சின்னப் பெட்டி. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நாங்கள் ஏதோ மாற்றி வைத்துவிட்டோம் என்று சொல்லிப் பெரியதையே வாங்கிக்கொண்டு போனார். தெருவில் இறக்கும்போது நாலு பேர் பார்க்க வேண்டுமே. கொஞ்ச நாளில் மருமகனே அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாடுகிற குரலைத் தவிர மற்ற எல்லாம் கேட்கிறது என்றார். முதலாளி சின்னதை எடுத்துக் கொடுத்தார்.

பெட்டியை விற்றால் மட்டும் போதாது, முடிந்தால் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பார். போனதும் அறையின் நடுவில் நின்று ஒரே ஒரு முறை கையைத் தட்ட வேண்டும். தட்டிய சத்தம் அங்கேயே நின்றுவிட்டால் நல்ல அறை. கிணற்றுக்குள் தட்டியது போலச் சுற்றினால் பெட்டியை விட முதலில் பழைய ஜமுக்காளமும் மெத்தையும்தான் வேண்டும். சுவரோரம் நாலு மெத்தையை நிறுத்திவைத்தால் பாதி விலைப் பெட்டி முழு விலைப் பெட்டியாகிவிடும். இதைச் சொல்லி எத்தனை பேர் என்னை ஒரு மாதிரி பார்த்திருக்கிறார்கள்! ஸ்பீக்கர் கடைக்காரி மெத்தை விற்கிறாளே என்று.

ப்ளூடூத் வந்த பிறகு இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்கலாம், பாட முடியாது. நாம் வாயைத் திறந்த பிறகு செத்த நேரம் கழித்துத்தான் பெட்டி வாயைத் திறக்கும். அது ஒரு இமைப்பொழுதுதான். ஆனால் பாடுகிறவருக்கு அதுவே காலை வாரிவிடும். வயர்தான் வேண்டும். வனிதா, இதை மறக்காமல் சொல்லிவிடு.

இனி சேவியர் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் வேலையில் நான் திணறிப்போனது அங்கேதான்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முந்தி. முதலாளி அப்போது கடைக்கு வருவதில்லை. ஒரு நாள் காலையில் பால்பாண்டி என்று ஒருவர் உள்ளே வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். இங்கே ஒரு நூல் மில்லில் வேலை. அதே மில்லில் வேலை பார்க்கும் நாலு பேர் சேர்ந்து இசைக்குழு வைத்திருக்கிறார்கள். ஃபிட்டர் சேவியர் கீபோர்டு, அவர் மனைவி ஜெயராணி பாட்டு, கணேசன் கித்தார், பால்பாண்டி தாளம் தட்டுகிற ரிதம் பேடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சேவியர் வீட்டு முன்னறையில் பழகுகிறார்கள். நிகழ்ச்சி பிடிப்பது, பேசி முடிப்பது எல்லாம் பால்பாண்டி.

சேவியரும் ஜெயராணியும் வெளியே கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று பால்பாண்டி குரலைத் தாழ்த்திக்கொண்டார். கண் மட்டும் கதவு மேலேயே இருந்தது.

"எக்கா, வீட்ல பாடும்போது நல்லாத்தான் பாடுது. மேடையேறினா போச்சு. போன தடவ கோயில் திருவிழாவுல, சரணத்தை முன்னாலேயே எடுத்து மானம் போச்சு. குரலு போயிருச்சுன்னுதான் நான் நெனைக்கேன். வத்திராயிருப்புல ஒரு கல்யாண ரிசப்ஷன் வந்திருக்கு. நல்ல பெரிய செட்டா வச்சு ப்ராக்டிஸ் பண்ணிப் பாப்போம். அதுக்கும் சரிவரலன்னா எங்க சித்தப்பா மக ஒருத்தி பாடுவா, அவளத்தான் போடணும். சேவியருகிட்ட எப்பிடிச் சொல்ல? கொஞ்சம் நீங்க பாத்துச் செய்யுங்க."

செட்டைப் பார்த்துத்தான் செய்வேன், குரலை எப்படிச் செய்வேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஜெயராணி வந்துவிட்டாள். ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த நடை. முகம் மட்டும் சுண்டிப்போயிருந்தது. பால்பாண்டியைப் பார்க்காமல் நேரே என்னிடம் வந்து, "எக்கா, பெரிசா ஒண்ணு குடுங்க. எம்புட்டுப் பெரிசானாலும் சரி. என் குரலு வெளிய வரணும்" என்றாள்.

அவள் காதில் விழுந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனால் எப்படி விழும்? கதவு மூடியிருந்தது, தெருவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, பால்பாண்டி பேசியது எனக்கே பாதிதான் கேட்டது. யாராவது முன்னமே சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஜெயராணி கேட்ட பெரிய பெட்டி அவர்கள் நாலு பேருடைய தீபாவளி போனஸையும் தின்றுவிடும். "முதல்ல வீட்டைப் பாக்கேன், பொறவு பெட்டியப் பாப்போம்" என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். சேவியர் வீட்டு வாசலில் அடுத்த வீட்டு ஏட்டையா நின்றிருந்தார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் யார் என்று தெரிந்ததும், "இன்னும் பெரிசு குடுக்கப் போறீயளாம்மா? இப்பவே எங்க வீட்டுச் சட்டிபானை எல்லாம் தாளம் போடுது" என்றார். பால்பாண்டியின் பேடு எந்த மூலையில் இருக்கிறது என்று உள்ளே போகாமலே தெரிந்துவிட்டது.

உள்ளே போனதும் கையைத் தட்டினேன். சிமெண்டுத் தரை, வெறும் சுவர், ஒரு இரும்பு பீரோ. சத்தம் பீரோவில் முட்டி நின்று ரீங்கரித்தது. மூலையில் சக்கரம் வைத்த ட்ராலி ஸ்பீக்கர். கலர் லைட்டு ஓடுகிறது. எல்லாம் அதற்குள்தான் போகிறது, பாட்டு, கீபோர்டு, பேடு எல்லாம். வீட்டில் இருந்த மெத்தை, தலையணையை எல்லாம் சுவரோரம் நிறுத்தச் சொல்லிவிட்டு, "பாடுங்க, கேப்போம்" என்றேன்.

நாலு பேரும் நாற்காலியை வட்டமாகப் போட்டு ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்தார்கள். ஜெயராணி எடுத்தாள். நான் அசந்துபோனேன். குரல் போய்விட்டது என்றானே அந்தப் பாவி! ஆற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. கொஞ்சம் உரக்கப் பாடினாள், அவ்வளவுதான் குறை. பாடுகிற நேரம் முழுவதும் புருஷன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சேவியரும் வாசித்துக்கொண்டே எல்லா வரிக்கும் வாயசைத்துக்கொண்டிருந்தார்.

கணேசன் என் பக்கம் சாய்ந்து, "திருவிழாவுலயும் இப்பிடித்தான் கழுத்தை ஒடிச்சுத் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. கல்யாணமாகி இத்தன வருசம் கழிச்சும் என்ன பாசம்னு ஊரே சிரிச்சுது" என்றார். நானும் சிரித்தேன்.

சிரித்தேனே தவிர எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இவ்வளவு மோசமான செட்டில், இந்தக் கிணற்று அறையில் இப்படிப் பாடுகிறவள் மேடையில் ஏன் தடுமாற வேண்டும்? பயமா என்று கேட்டேன். "பயமெல்லாம் இல்லக்கா. என்னமோ எல்லாரும் என்னைய விட்டுட்டுப் போன மாதிரி ஆயிருது" என்றாள். அந்த ஞாயிறு அப்படியே திரும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது. பெட்டி பெட்டியாக விற்று என்ன, ஒரு பாட்டுக்கு என்ன கேடு என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு கடையிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று ஜெயராணி கேட்ட பெரியது. இன்னொன்று ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் சின்னப் பெட்டி, கூடவே மைக், கீபோர்டு சத்தங்களைக் கலந்து அனுப்ப ஒரு சின்ன மிக்ஸர். எது சரியாக இருக்கும் என்று அவர்களே சொல்லட்டும் என்பது என் எண்ணம். கடைப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? ஃபேனைச் சுழலவிட்டேன். இரண்டிலும் சத்தத்தை ஒரே அளவாக வைத்தேன். "எல்லாரும் ஆளுக்கொரு சுவரைப் பாத்துத் திரும்புங்க. அப்பிடியே வாசிச்சுக்கிட்டே பாடுங்க. எது நல்லாருக்குன்னு காது சொல்லட்டும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். பாட்டு தொடங்கியது. இரண்டாவது வரிக்குள் எல்லாம் பிய்ந்துபோயிற்று. ஜெயராணி ஒரு பக்கம் போகிறாள், கித்தார் இன்னொரு பக்கம், பேடு யாருக்கும் கட்டுப்படாமல் தனியாக ஓடுகிறது. பெரிய பெட்டியிலும் அதே கதி, சின்னதிலும் அதே கதி. கடைசியில் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏலே, நீ எங்கல போற?" என்றார் பால்பாண்டி சேவியரிடம்.

"நான் இங்கனதான் இருக்கேன். நீதான் ஓடுத."

எனக்கு அப்போதுதான் கண்ணாடிக் கதவு ஞாபகம் வந்தது. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, பஸ் ஹாரனுக்கு நடுவில், பால்பாண்டி என்னிடம் மெதுவாகச் சொன்னதை இவள் எப்படித் தெரிந்துகொண்டாள்?

எழுந்து ஜெயராணி முன்னால் போய் நின்றேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சாதாரணமாகப் பேசுகிற குரலில், "காலையில என்ன பலகாரம் ஜெயராணி?" என்றேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையை எடுத்துவிட்டு அதையே கேட்டேன்.

"இட்லிக்கா. ஏன், பசிக்கா?" என்றாள் சட்டென்று.

மறுபடி வாயை மூடிக்கொண்டு கணேசனிடம் கேட்டேன். அவருக்குப் பாதி விளங்கியது. சேவியருக்கு ஒரு வார்த்தை. பால்பாண்டியிடம் கேட்டபோது நான் கேட்டது கூடத் தெரியாமல், "எக்கா, என்ன ஊமைச்சாடை காட்டுதீக?" என்றார். நாலு பேரில் அதிகம் கேட்காதது அவருக்குத்தான்.

சேவியர் போய் ஃபேனை நிறுத்தினார். பிறகு கணேசன்தான் சொன்னார். நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின் ஓடும்போது மில்லுக்குள் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எல்லோரும் வாயைப் பார்த்துப் பேசப் பழகிவிடுவார்கள். மெஷினுக்கு அந்தக் கடைசியில் நிற்பவளிடம் இந்தக் கடைசியிலிருந்து குடும்பக் கதை முழுவதும் பேசி முடிக்கலாம், ஒரு சத்தமும் வேண்டாம். சத்தம் புகாமல் காதில் வைத்துக்கொள்ள மில்லில் கொடுக்கும் அடைப்பை, கசகசக்கிறது என்று எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. காது குறைந்துகொண்டே வந்ததைக் கண் ஈடுகட்டிக்கொண்டே வந்திருக்கிறது. நாலு பேரும் அதே மில் என்பதால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் வட்டமாக உட்கார்ந்து பாடும்போது ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மேடையில் எல்லோரும் ஜனங்களைப் பார்த்து வரிசையாக நிற்க வேண்டும். நின்றதும் அறுந்துபோயிற்று. ஊர் பாசம் என்று சிரித்தது, அவள் புருஷன் வாயில் அடுத்த வரியைத் தேடியதைத்தான். அதை நினைத்தபோது நானும் சிரித்தேனே என்று நெஞ்சு சுருக்கென்றது.

ஜெயராணி நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னைத்தான் கேட்டாள்.

"அப்ப என் குரலு போகலியாக்கா?"

"போகலம்மா. உன் குரலு அப்பிடியே இருக்கு. உனக்குத்தான் அது வந்து சேரல."

அவள் அழுதுவிட்டாள். துக்கத்தில் அழுதது போல இல்லை. பால்பாண்டி எழுந்து வாசல் பக்கம் போனார், மறுபடி வந்தார். நடுவில் நின்றுகொண்டு, "அன்னைக்குக் கடையில நான் சொன்னது..." என்று இழுத்தார்.

"தெரியும்ண்ணே. கண்ணாடி வழியாப் பாத்தேன்" என்றாள் ஜெயராணி. "உங்க சித்தப்பா மகளும் நல்லாத்தான் பாடுவா. ஆனா இந்த ரிசப்ஷன் எனக்கு."

பால்பாண்டி தலையை மட்டும் ஆட்டினார்.

பெரிய பெட்டியை அன்றே கட்டித் திருப்பி எடுத்துக்கொண்டேன். அதை வைத்திருந்தால் எல்லோரும் இன்னும் கூட்டிக் கூட்டி, மிச்சமிருந்த காதும் போயிருக்கும். சின்னப் பெட்டி ஒன்று, மிக்ஸர் ஒன்று, வயர்கள், அவ்வளவுதான் நான் கொடுத்தது. ட்ராலி ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்தி, பேடும் கித்தாரும் மட்டும் அதில் போகட்டும் என்று வைத்தேன். மூலையை விட்டு வந்ததுமே அதன் குமுறல் பாதி அடங்கிவிட்டது. சின்னப் பெட்டியை ஜெயராணியின் காலடியில், மைக்கின் முதுகுப் பக்கமாக, அவள் முகத்தைப் பார்க்கும்படி செங்கல் வைத்துச் சாய்த்தேன். மைக் தன் முதுகுக்குப் பின்னால் வருவதை அதிகம் வாங்காது. அதனால் விசிலடிக்காது. அந்தப் பெட்டியில் அவள் குரலும் சேவியரின் கீபோர்டும் மட்டும். எல்லோரும் ஜனங்களைப் பார்ப்பது போல பீரோவைப் பார்த்து வரிசையாக நிற்க வேண்டும். யாரும் யார் வாயையும் பார்க்கக் கூடாது.

கஷ்டம் பெட்டியில் இல்லை, பால்பாண்டியின் கையில்தான் இருந்தது. பேடில் சத்தத்தைக் குறைத்தால் தன் தாளம் தனக்கே கேட்கவில்லை என்பார், ஒரு திருகு கூட்டுவார். உடனே கணேசன் கூட்டுவார். பிறகு சேவியர். கடைசியில் ஜெயராணி தொண்டை கிழியக் கத்துவாள். எத்தனையோ ஞாயிறுகள் இப்படியே போயின. ஒரு நாள் நான் பொறுமை இழந்து, "தம்பி, நீங்க கொறைக்கலன்னா நான் மெத்தையத் தூக்கி உங்க பேடு மேலேயே போட்டுருவேன்" என்றேன். பிறகு அவருக்கு ஒரு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டோம். தன் தாளம் தனக்கு அளவாகக் கேட்டதும் மனிதர் சாந்தமாகிவிட்டார். அவர் அடங்கியதும் மற்ற மூவரும் அடங்கினார்கள்.

பெரியாஸ்பத்திரியில் காது டாக்டரிடமும் போனார்கள். நாலு பேரும் ஒன்றாகப் போனார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து ஷிப்டில் காதில் வைத்துக்கொள்வதை மடியில் வைப்பதில்லை. மற்ற பெண்களையும் போடச் சொல்லி ஜெயராணி விரட்டுகிறாளாம். அவள் உதட்டை அசைத்துத் திட்டினால் மெஷினுக்கு அந்தக் கடைசி வரைக்கும் விளங்கிவிடும்.

ஒரு ஞாயிறு, பாட்டுப் பழகிக்கொண்டிருக்கும்போது ஏட்டையா வாசலில் வந்து நின்றார். நான் ஒரு சண்டைக்குத் தயாரானேன்.

"என்ன, இன்னைக்குப் பாட்டு இல்லியா?" என்றார்.

"நடந்துக்கிட்டுத்தான இருக்கு" என்றேன்.

"எங்க வீட்டுக்குக் கேக்கலையேம்மா. வீட்டுக்காரி கேட்டுட்டு வரச் சொன்னா" என்றார். வந்தவர் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வத்திராயிருப்பு ரிசப்ஷன் நடந்தபோது நான் வேலையை விட்டு வந்திருந்தேன். ஆனாலும் போனேன். எப்படிப் போகாமல் இருப்பேன்? தென்னந்தோப்பை ஒட்டிய மண்டபம். பின்னால் மலை தெரிந்தது. மண்டபத்துக்கான பெரிய பெட்டிகள் வாடகைக்கு வந்திருந்தன. ஜெயராணியின் காலடியில் மட்டும் நம் சின்னப் பெட்டி, அதே செங்கல் மேல். நான் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்று யாருக்கும் சொந்தமில்லாமல் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, கையில் இருந்த ஜூஸைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் பாட்டில் அவள் ஒரு முறை சேவியர் பக்கம் திரும்பினாள்.  உடனே நேராகப் பார்த்தாள். பால்பாண்டி ஹெட்ஃபோனோடு அடக்கமாகத் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டு மெதுவானது. பல்லவி முடிந்தது. சரணம் வர வேண்டிய இடம். திருவிழாவில் அறுந்த இடம் அதுதான். ஜெயராணி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடிப் பாடி நான் பார்த்ததே இல்லை, அவளாலும் அதுவரை முடிந்திருக்காது. சரணம் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. சாப்பிட எழுந்தவர்கள் நின்றார்கள். பக்கத்தில் சேவியர் பழக்க தோஷத்தில் எல்லா வரிக்கும் வாயசைத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

எல்லாம் முடிந்து கூட்டம் பந்திக்குப் போன பிறகு மேடைக்கு ஏறிப் போனேன். சேவியர் கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். ஜெயராணி கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சேவியர் என் பக்கம் குனிந்து, "நல்ல காரியம் செஞ்சீகக்கா, போங்க. இம்புட்டு வருசமா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டுப் பாடுனவ, இப்ப என்னையத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கா" என்றார்.

ஜெயராணி தன் மைக்கைக் கழற்றி அவர் முன்னால் கீபோர்டு ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போயிருந்தாள், அதை யாரும் அணைக்கவில்லை. அவர் முணுமுணுத்தது அவ்வளவும் அந்தச் சின்னப் பெட்டி வழியாக வந்தது.

ஜெயராணி திரும்பவில்லை. சுற்றிய வயரைத் தரையில் வைத்தாள்.

"கேக்குது" என்றாள். "எனக்குக் கேக்குது."